தோட்டத்து ஆபீஸ் நெட்வொர்க்கை வெளியிலிருந்து எட்டுவது எப்படி: 4ஜி சிம்மும் வயர்கார்டும்

இலங்கை மலைநாட்டில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட ஆபீஸ்களுக்கும் சில சங்கங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: ஆபீஸில் இருக்கும் செக்ரோல் (தொழிலாளரின் பேர், சம்பளப் பதிவு) கணினியை வெளியிலிருந்து திறக்க முடியுமா? பெரிய கிளாக்கர் ஹட்டன் டவுனில் குடியிருப்பார். கணக்குப் பார்ப்பவர் கொழும்பில் இருப்பார். கணினியோ நோர்வூட்டுக்கு மேலே ஒரு தகரக் கூரைக்குக் கீழே. சம்பளக் கணக்கு முடிக்கும் வாரத்தில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டால், பேர் போட்டு வேலை செய்த சனத்தின் சம்பளம் தள்ளிப்போகிறது. இதை ஒழுங்காகச் செய்து வைக்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, ஆபீஸுக்கு நல்ல ஃபைபர் லைனும் மாறாத ஐபி முகவரியும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம்மிடம் இருப்பது ஜன்னலோரம் வைத்த 4ஜி ரவுட்டரும் ஒரு சிம்மும். ஆகவே முறையை மாற்ற வேண்டும். வெளியில் இருப்பவர் ஆபீஸுக்குள் நுழைய முயலக் கூடாது. அவரும் வெளியே வரட்டும், ஆபீஸும் வெளியே வரட்டும், இரண்டும் இணையத்தில் ஒரு பொது இடத்தில் சந்திக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரே யோசனையிலிருந்து வருவதுதான்.

கொஞ்சம் பழைய கதை. டயல்-அப் காலத்தில் வெளியூரில் இருப்பவர் மோடம் வைத்து ஆபீஸின் மோடத்துக்கே போன் எடுப்பார். அந்த அழைப்பு முடியும் வரை லைன் முழுவதும் அவர் ஒருவருக்கே. இணையம் பரவியதும், பக்கத்து இணைய நிறுவனத்துக்கு மட்டும் இணைப்பு எடுத்து, அங்கிருந்து பாக்கெட்டுகளுக்குள் (சின்னச் சின்னத் தரவுத் துண்டுகளுக்குள்) இன்னொரு பாக்கெட்டாகப் பொதிந்து ஆபீஸ் வரை அனுப்பும் முறைகள் வந்தன. இப்படிப் பொதிந்து போகும் பாதையைத்தான் டனல் என்கிறோம். அப்படிப்பட்ட பிபிடிபி, எல்டூடிபி இரண்டும் 1999இல் ஆவணமானவை. பிபிடிபியின் கடவுச்சொல் முறையை உடைக்கலாம் என்று 2012இலேயே வெளிப்படையாகக் காட்டிவிட்டார்கள். உங்கள் பழைய ரவுட்டரில் அந்தப் பெயர் இன்னும் தெரிந்தால் தொடவே வேண்டாம். இன்றைக்கு டனலுக்கு நான் போடுவது வயர்கார்ட் என்ற மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கேர்னலிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சின்னது, வேகமானது. சிக்னல் போய் வந்தாலும் தானாக ஒட்டிக்கொள்ளும். மலைநாட்டுக்கு இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம்.

முதலில் பார்க்க வேண்டியது

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போய் வான் (WAN) ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். பிறகு, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் தெரியும் எண் 10 என்று தொடங்கினாலோ 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, நீங்கள் சிம் நிறுவனத்தின் பொதுவான முகவரி மாற்றிக்கு (நாட், NAT) பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எத்தனை தடவை போட்டாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் கூட உள்ளே வராது. மொபைல் சிம்களில் இதுதான் வழக்கம். இதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். உள்ளேயிருந்து வெளியே போவதற்கு எந்தத் தடையும் இல்லை. நாம் பயன்படுத்தப்போவது அதைத்தான்.

அடுத்தது ஆபீஸின் உள் முகவரி. இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல 192.168.1 அல்லது 192.168.8 என்ற வரிசையோடு வருகின்றன. ஆபீஸிலும் அதே வரிசை, கிளாக்கர் வீட்டிலும் அதே வரிசை என்றால், அவர் கணினிக்கு ஆபீஸ் கணினியைத் தேடி டனலுக்குள் போகத் தெரியாது; வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே ஆபீஸை யாரும் பாவிக்காத ஒரு வரிசைக்கு மாற்றுங்கள். நான் இங்கே 10.47.12.0/24 (10.47.12 என்று தொடங்கும் எண்கள் எல்லாம்) என்று வைத்துக்கொள்கிறேன். செக்ரோல் கணினிக்கு 10.47.12.20 என்று மாறாத எண்ணைக் கொடுங்கள். பிரின்டருக்கும் அப்படியே ஒன்று. டனலுக்கென்று தனியாக 10.99.0.0/24.

சந்திக்கும் இடம்

இணையத்தில் மாத வாடகைக்கு ஒரு சின்ன லினக்ஸ் சேர்வர் எடுங்கள். இருப்பதில் மலிவானதே போதும். 1 ஜிபி நினைவகம் தாராளம். சிங்கப்பூர், மும்பை போலப் பக்கத்தில் இருப்பதாக எடுங்கள். நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த ஊரைச் சுற்றித்தான் வரப்போகிறது. அமெரிக்காவில் எடுத்தால் அந்தச் சுற்று விரல் நுனியிலேயே தெரியும்.

அதில் வயர்கார்டை நிறுவி, அதற்கு 10.99.0.1 என்று கொடுங்கள். யூடிபி 51820 போர்ட்டைத் திறந்து விடுங்கள். ஐபி ஃபார்வர்டிங்கை ஒன் செய்ய மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் சேர்வர் வரை வருவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். சேர்வரைப் பராமரிக்க நுழையும் வழியைச் சாவி முறைக்கு மாற்றி, கடவுச்சொல் நுழைவை மூடிவிடுங்கள்.

ஆபீஸ் பக்கத்துக்கு 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வைக்கலாம், அல்லது ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடும் மைக்ரோடிக் ரவுட்டர் வைக்கலாம். ஏழுக்கு முந்திய பதிப்பில் வயர்கார்ட் கிடையாது. கையில் காசு இருந்தால் மைக்ரோடிக். ஆபீஸ் கணினிகளெல்லாம் அதன் வழியாகவே இணையத்துக்குப் போகும்படி வைத்துவிடலாம். ராஸ்பெரி பை ஓரமாக நிற்கும் பெட்டி. டனல் வழியாக வந்த கேள்விக்குப் பதில் அனுப்பும்போது செக்ரோல் கணினி அதை பையிடம் கொடுக்காது, நேரே 4ஜி ரவுட்டரிடம் கொடுக்கும். அங்கே பதில் தொலைந்துபோகும். சாதாரண 4ஜி ரவுட்டர்களில் பலவற்றில், இதைப் பையிடம் திருப்பிக் கொடு என்று சொல்லும் ஸ்டாட்டிக் ரூட் போட இடமும் இருக்காது. ஆகவே பையிலேயே மாஸ்கரேட் போட்டுவிடுங்கள். டனலிலிருந்து வருவதெல்லாம் பையின் சொந்த முகவரியிலிருந்து வருவதுபோல கணினிக்குத் தெரியும். விண்டோஸ் ஃபயர்வாலும், உள்ளூர் முகவரிதானே என்று குறைவாகத் தகராறு செய்யும்.

சாவிகளும் முகவரிகளும்

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி ஜோடி: ஒரு இரகசியச் சாவி, அதற்குரிய ஒரு பொதுச் சாவி. கிளாக்கரின் லேப்டொப்புக்கு ஒன்று, அவருடைய போனுக்கு இன்னொன்று. ஒரே சாவியை இரண்டு கருவியில் போட்டால் இரண்டும் மாறி மாறி இழுபடும். இரகசியச் சாவி அதை உருவாக்கிய கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச் சாவியை மட்டும் வாங்கி சேர்வரில் எழுதுங்கள். இரகசியச் சாவியோடு அமைப்புக் கோப்பு முழுவதையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடச் சொல்லிக் கேட்பார்கள். செய்யாதீர்கள், நேரில் அவரவர் கருவியிலேயே உருவாக்கிக் கொடுங்கள்.

ஆளுக்கு ஆள் தடுமாறுவது வயர்கார்ட் அமைப்பில் உள்ள அலவ்ட் ஐபிஸ் (AllowedIPs) என்ற வரியில்தான். அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. இந்த முகவரிகளுக்குப் போவதை இந்தப் பியரிடம் (டனலின் மறுமுனையில் இருக்கும் கருவியிடம்) கொடு என்பது ஒன்று. இந்தப் பியரிடமிருந்து இந்த முகவரிகளின் பெயரில் வருவதை மட்டும் ஏற்றுக்கொள் என்பது மற்றது. சேர்வரில் ஆபீஸ் பியருக்கு 10.99.0.2/32, 10.47.12.0/24 இரண்டையும் எழுதுங்கள். ஆட்களுக்கு அவரவர் எண் மட்டும்: 10.99.0.11/32, 10.99.0.12/32 என்று போகட்டும் (/32 என்றால் அந்த ஒரே எண்). எல்லோருக்கும் 10.99.0.0/24 என்று எழுதினால் கடைசியாக எழுதப்பட்டவருக்கு மட்டும் வேலை செய்யும், மற்றவர்கள் தவிப்பார்கள்.

கிளாக்கர் பக்கத்தில், சேர்வர் பியருக்கு 10.99.0.0/24, 10.47.12.0/24 இரண்டும். 0.0.0.0/0 என்று போட்டுவிட்டால் அவர் பார்க்கும் யூடியூப் கூட சிங்கப்பூர் சுற்றி வரும். டேட்டா பெக்கேஜும் கரையும், வேகமும் போகும். ஆபீஸ் பெட்டியிலும் அதே கவனம் வேண்டும். சேர்வர் பியருக்கு 10.99.0.0/24 மட்டும் போதும்.

ஆபீஸ் பெட்டியில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று வையுங்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தால் நிறுவனத்தின் நாட், அந்தப் பாதையை மறந்துவிடும். பிறகு வெளியிலிருந்து யாரும் ஆபீஸை எட்ட முடியாது. 25 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சின்ன வெற்றுப் பாக்கெட் போனால் பாதை திறந்தே இருக்கும். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு பாக்கெட் தலைப்புகளோடு சேர்த்து 60 பைட். ஒரு நாளைக்கு 3456 பாக்கெட். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் சாவி மாற்றத்தையும் கூட்டினாலும் நாளுக்கு அரை எம்பி அளவுதான். வெளியில் இருப்பவர்களின் கருவியில் இது தேவையில்லை. அவர்கள்தான் எப்போதும் முதலில் பேசுகிறவர்கள்.

சோதிக்கும்போது வரிசையாகப் போங்கள். முதலில் சேர்வரில் லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (கடைசியாக நடந்த சாவி மாற்றம்) எவ்வளவு நேரத்துக்கு முன் என்று பாருங்கள். ஆபீஸ் பெட்டிக்கு அது இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம் கிளாக்கர் லேப்டொப்பிலிருந்து 10.99.0.1, பிறகு 10.99.0.2, கடைசியாக 10.47.12.20 என்று பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை). எந்தப் படியில் நிற்கிறதோ பிழை அங்கேதான். கடைசி எண் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் உடனே கலங்க வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம், ரிமோட் டெஸ்க்டொப் (ஆபீஸ் கணினியின் திரையைத் தூரத்திலிருந்து திறக்கும் விண்டோஸ் வசதி) நன்றாகவே திறக்கும்.

பிங் போகிறது, வேலை நடக்கவில்லை

"தங்கச்சி, பாஸ்வேர்ட் கேக்குது. போட்டா அப்படியே நிக்குது." போனில் இப்படிக் கேட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவை. சின்னப் பாக்கெட்டுகள் போகின்றன, ஆகவே பிங் சரி, கடவுச்சொல் பெட்டியும் வருகிறது. திரை முழுவதையும் அனுப்பும்போது பெரிய பாக்கெட்டுகள் வருகின்றன. அவை வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுந்துவிடுகின்றன. வயர்கார்ட் தன் பங்குக்கு ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 60 பைட் ஏற்றுகிறது, ஐபிவி6 மேல் போனால் 80. அதனால்தான் 1500இல் 80 போக, அதன் வழக்கமான எம்டியூ 1420. மொபைல் பாதை சில இடங்களில் 1500ஐயே தாங்காது.

அளந்து பார்க்க விரும்பினால், ஆபீஸ் பெட்டியிலிருந்து சேர்வரின் பொது முகவரிக்கு, துண்டாக்காதே என்ற குறியோடு பிங் அனுப்புங்கள். 1472 பைட் போனால் பாதை முழு 1500ஐத் தாங்குகிறது. போகாவிட்டால் 1440, 1400 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். போகும் மிகப் பெரிய எண்ணோடு 28ஐக் கூட்டி, 80ஐக் கழித்தால் டனலுக்கு வைக்க வேண்டிய எம்டியூ கிடைக்கும். அளக்க நேரமில்லையா, எல்லா முனையிலும் 1280 என்று வைத்துவிடுங்கள். வேகத்தில் கொஞ்சம் போகும், ஆனால் பொகவந்தலாவையிலும் ஓடும், மஸ்கெலியாவிலும் ஓடும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

கோப்பைத் திறக்காதீர்கள், திரையைத் திறங்கள்

டனல் கிடைத்ததும் எல்லோரும் செய்ய நினைப்பது, ஆபீஸ் கணினியின் பங்கிட்ட ஃபோல்டரை வீட்டு லேப்டொப்பில் திறந்து அங்கிருந்தே செக்ரோல் மென்பொருளை ஓட்டுவது. வேண்டாம். அந்த மென்பொருள் கோப்புக்குள் ஒவ்வொரு பதிவாகக் கேட்டுக் கேட்டு வாசிக்கும். ஆபீஸ் கேபிளில் அது கண் இமைக்கும் நேரம். நம் பாதையில் ஒரு தடவை போய் வர 150 மில்லிசெக்கன் என்று வைத்தால், 1000 தடவை கேட்க 150 செக்கன், அதாவது இரண்டரை நிமிடம். லைன் எத்தனை எம்பி வேகம் என்பது இங்கே உதவாது. போய் வரும் நேரம்தான் கணக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் அறுந்தால் கோப்பு பாதியில் பழுதாகும். ஒரு மாதத்துப் பேர்ப் பதிவு அதற்குள் இருக்கிறது.

ரிமோட் டெஸ்க்டொப் என்றால் மென்பொருளும் கோப்பும் ஆபீஸிலேயே இருக்கும். டனலில் வருவது திரையும் விசையும் மட்டும். சிக்னல் அறுந்தாலும் ஆபீஸில் வேலை அப்படியே இருக்கும். மறுபடி இணைந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். ஆபீஸ் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்புக்குள் இப்படி நுழைய முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான். கொழும்புக்காரரும் கிளாக்கரும் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமானால் இரண்டாவது கணினி ஒன்று வையுங்கள். நிற ஆழத்தைக் குறைத்து, பின்புறப் படத்தை நிறுத்திவிட்டால் பலவீனமான சிக்னலிலும் தாங்கும். ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நேரே இணையத்தில் திறந்து விடாதீர்கள்.

சேர்வரின் ஃபயர்வாலில், 10.99.0.11 போகக்கூடியது 10.47.12.20இன் 3389 மட்டும் என்று ஆளுக்கொரு விதி எழுதுங்கள். கணக்குப் பார்ப்பவருக்கு துரையின் (தோட்ட மனேஜரின்) கணினி தெரிய வேண்டியதில்லை.

கரண்ட், மழை, இடி

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கென்று இருக்கும் வேலை இனித்தான்.

சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலம்) என்ற எண்ணைப் பாருங்கள். -95க்கு மேலே என்றால் நிம்மதி; -110ஐத் தாண்டிக் கீழே போனால் மழை நாளில் அறுபடும். தகரக் கூரைக்குக் கீழே, அல்மாரிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. கோபுரம் தெரியும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் வெளி அன்டெனா, இரண்டு கேபிளோடு, கேபிள் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக.

கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் தானாக எழும்ப வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். அப்போது பலரும் வாங்கிய 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ரவுட்டருக்கும் மைக்ரோடிக்குக்கும் நன்றாகப் போதும், பைக்கு மட்டும் 5 வோல்ட் தரும் வழி இருக்க வேண்டும். செக்ரோல் கணினியின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும்பும் அடிப்படை அமைப்பில்), கரண்ட் திரும்பியதும் தானாக ஒன் ஆகு என்ற அமைப்பைப் போடுங்கள். ஸ்லீப் போவதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஹட்டனிலிருந்து கிளாக்கர் கூப்பிடுவார், மேலே பட்டனை அழுத்த ஆள் இருக்காது.

இரண்டு நுணுக்கம் இருக்கிறது. ஆபீஸ் பெட்டியில் சேர்வரைப் பெயரால் எழுதாமல் ஐபி எண்ணாலேயே எழுதுங்கள். கரண்ட் வந்ததும் பை சில செக்கனில் எழும்பிவிடும், 4ஜி ரவுட்டர் கோபுரத்தைப் பிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். பெயரைத் தேட இணையம் இல்லாததால் வயர்கார்ட் தொடங்காமலேயே கைவிட்டுவிடக்கூடும். எண்ணாக இருந்தால் தொடங்கிக் காத்திருக்கும்.

மற்றது மணிக்கூடு. ராஸ்பெரி பை 4 வரைக்குமான மாடல்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. சின்ன மைக்ரோடிக்குகளிலும் இல்லை. எழும்பும்போது பழைய நேரத்தில் எழும்பும். வயர்கார்டின் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை இருக்கிறது. கடைசியாக வந்ததைவிடப் பழைய முத்திரை என்றால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார் என்று சேர்வர் ஒதுக்கிவிடும். நேரம் சரியாகும் வரை டனல் வராது. ஆகவே என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒன் ஆக இருக்க வேண்டும், அது டனலுக்குள் போகாமல் நேரே இணையத்துக்குப் போக வேண்டும். டனல் வந்தால்தான் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால்தான் டனல் வரும் என்ற முடிச்சில் பெட்டியை விட்டுவிடாதீர்கள். கரண்டை நிறுத்தி, பதினைந்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டு, கையை வைக்காமல் எல்லாம் எழும்புகிறதா என்று பார்க்காமல் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டாம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும். ஆபீஸிலிருந்து ஸ்டோருக்கு வெளியே இழுத்த செப்புக் கேபிள்தான் முதலில் அடி வாங்கும்; இரண்டு பக்கத்து சுவிட்சையும் சேர்த்துக் கொண்டுபோகும். அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றுங்கள். ஃபைபரில் மின்சாரம் பாயாது. செலவு அப்படியொன்றும் அதிகமில்லை, சுவிட்ச் இரண்டு வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாடகை சேர்வரைப் பராமரிக்க ஆள் இல்லை என்றால் டெயில்ஸ்கேல் போலொரு சேவையைப் பாருங்கள். அதுவும் உள்ளே வயர்கார்டைத்தான் பாவிக்கிறது. சந்திக்கும் இடத்தை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று நான்கு பேர் இருக்கும் சங்கத்துக்கு அது போதும். பெரிய தோட்டத்துக்கு சொந்த சேர்வரே நல்லது என்பது என் அபிப்பிராயம், யார் எதை எட்டலாம் என்ற விதி நம் கையிலேயே இருக்கும்.

கடைசியாக, ஒரு கொப்பியில் எழுதி ஆபீஸ் அல்மாரியில் வையுங்கள்: எந்த எண் யாருடைய எந்தக் கருவி, எப்போது கொடுத்தது. இரகசியச் சாவியை மட்டும் அதில் எழுத வேண்டாம். கிளாக்கர் தோட்டம் மாறினாலோ யாராவது போனைத் தொலைத்தாலோ அந்தக் கொப்பியைப் பார்த்து அந்த ஒரு பியரை சேர்வரிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை.